மென்று கொடுத்த ரொட்டி

என் தம்பி வயிற்றுப் புற்றுநோயில் செத்தான். அப்போது அவனுக்கு முப்பத்து நான்கு வயது. அவன் சாவுக்கு நான்தான் காரணம் என்று இத்தனை வருடமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன மாத்திரத்தில் அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்புடிச் சொல்லாதீங்க டீச்சர்" என்பார்கள். நானும் மூக்கைச் சிந்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். அவர்கள் போன பிறகு மனசு கொஞ்சம் லேசாக இருக்கும். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு மன்னிப்பு கிடைக்கும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

நான் சொல்லும் கதை ரொட்டிக் கதை. அதில் ஒரு சொல் பொய் இல்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே இன்னொன்றைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு போதிய அளவு இருந்தால் மறைக்கலாம், நான் மறைத்திருக்கிறேன். முதலில் ரொட்டியைச் சொல்லிவிடுகிறேன். பழகிய வாய்க்கு அது சுலபம்.

அவன் பிறந்தபோது எனக்குப் பத்து வயது. எல்கடுவப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை, எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டங்களில் விழுந்த பஞ்சத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அனுபவிக்காதவர்களுக்கு விளக்கினாலும் விளங்காது. கூப்பனுக்குக் கிடைக்கும் கோதுமை மா கிழமையின் ஏழு நாளுக்கும் காணாது. அம்மா அதில் மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் போட்டு ரொட்டி தட்டுவார். ஆறிப்போனால் அந்த ரொட்டியால் ஆணி அடிக்கலாம்.

அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் விடியாததுமாகக் கொழுந்து மலைக்குப் போய்விடுவார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப் போகப் பிள்ளைக் காம்பரா ஒன்று தோட்டத்தில் இருந்தது. அங்கே விட்டால் தம்பிக்குச் சளி பிடிக்கிறது என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அவனுக்குக் காவல் வைத்தார்கள். அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டிருந்தது. நான்கு பல் முளைத்த பிள்ளை அந்த ரொட்டியை என்ன செய்யும்? நான் அதைக் கிள்ளி என் வாயில் போட்டு, கூழாக மென்று, விரலால் எடுத்து அவன் நாக்கில் வைப்பேன். காக்கை குஞ்சுக்கு ஊட்டுகிற மாதிரிதான். லயத்தில் மூத்த பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். யாரும் அதை அசிங்கமாக நினைத்ததில்லை.

இதற்குள் ஒரு சின்னத் திருட்டு உண்டு. எனக்கும் பசி. மென்றுகொண்டே இருக்கும்போது தொண்டை தானாக இறங்கும். இரண்டு வாய்க்கு ஒரு வாய் என் வயிற்றுக்குள் போய்விடும். அவன் வாயைத் திறந்தபடி என் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பான். சாயங்காலம் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தம்பிக்கு ரொட்டி குடுத்தியா?" என்று கேட்பார். "குடுத்தேம்மா" என்பேன். "முழுசுமா?" என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் ஆம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒரு வருடம் கழித்து நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். படித்தேன், பிறகு அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் ஆனேன். கல்யாணம் தாமதமாக நடந்தது, ஒரே மகள் பிறந்தாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி யட்டவத்தையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் கிராமத்து ஆட்களிடம் வாங்கிக் காயவைத்து விற்கும் கடை அது. கடைக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து என் குவாட்டர்ஸில் சாப்பிட்டுவிட்டுப் போவான். ஆள் கட்டை, பேச்சு நீளம். என்னை வம்புக்கு இழுக்க வேண்டுமென்றால் மட்டும் "டீச்சரம்மா" என்பான்.

பயம் என்றால் என்னவென்று தெரியாதவன். இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்பது பிறகு தெரியும். சண்டை நடந்த வருடங்களில் வில்கமுவப் பக்கம் செத்தல் மிளகாய் எடுக்கப் போக லொறி டிரைவர்கள் தயங்குவார்கள். அந்தி சாய்ந்தால் அந்த ரோட்டில் நாய்கூட நிற்காது. இவன் முதலாளியின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் விலை பேசிவிட்டு வருவான். எனக்கு அவன் வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும்.

அவனுக்கு வயிற்றில் எரிச்சல் தொடங்கியது மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தோட்டத்தில் பிறந்தவர்களில் யாருக்கு கேஸ்டிக் இல்லை? காலையில் வெறும் வயிற்றில் பால் இல்லாத சாயத்தண்ணி, பகலில் உறைக்கிற கட்டச் சம்பலும் கருவாடும். வெள்ளை மருந்துப் போத்தலை வாங்கிக் கொடுத்து, நேரத்துக்குச் சாப்பிடு என்று அதட்டினேன். பாதி சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவிடுவான். அதற்கும் அதட்டினேன். பள்ளிக்கூடத்தில் அதட்டியே பழகிய வாய்.

முதலாளிக்குத்தான் சந்தேகம் வந்தது. பெல்ட்டில் புதிது புதிதாகத் துளை போடுவதைப் பார்த்துவிட்டு, அவரே கூட்டிக்கொண்டு போய்க் கண்டியில் ஒரு டொக்டரிடம் காட்டினார். வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமையே வந்து வார்டில் படுக்க வேண்டும், சாப்பிடக் கூடாது. வேனும் டிரைவரும் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அந்தத் தேதி கிடைத்த இரண்டாம் கிழமை என் மகள் பெரிய மனுஷியானாள்.

தலைக்குத் தண்ணி ஊற்றி வீட்டுக்குள் எடுத்தாயிற்று. பெரிய சடங்குக்கு ஐயர் நாள் பார்த்தார். ஆனி மாதத்துக் கடைசி ஞாயிறு நல்ல நாள், அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணிதான் என்றார். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். கார்ட் அடித்தேன். பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். மாத்தளையிலிருந்து பாட்டுக்கு ஆள் பிடித்தேன். தோட்டத்தில் முதன்முதலாக டீச்சரான பெண்ணின் வீட்டுச் சடங்கு, நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டாமா? கார்டைக் கொடுத்தபோதுதான் தம்பி அதை இரண்டு தரம் படித்தான். அவன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அதே ஞாயிறு.

"அக்கா, ஒரு கிழமை தள்ளலாமா?"

"ஒரு கிழம தள்ளுனா ஆடிடா."

"அப்ப ஆவணியில வைப்போம். புள்ள எங்கயும் ஓடிப் போயிறாது."

"கார்ட் குடுத்தாச்சு. தாய்மாமன் ஒனக்கு ஒடம்பு சரியில்லன்னு சடங்க நிப்பாட்டுனா ஊரு என்னா பேசும்? நீ இல்லாம செஞ்சா அதவிட கேவலம். ஒனக்கு இருக்கிறது கேஸ்டிக். அதுக்கு எந்தத் தேதியில பாத்தா என்னா?"

எங்களுக்குள் தாய்மாமன் இல்லாமல் சடங்கு இல்லை. மாமன் கொண்டு வரும் சேலையைத்தான் பிள்ளை கட்ட வேண்டும், மாமன் போடும் மாலைதான் முதலில் கழுத்தில் விழ வேண்டும். மகளுக்கு மாமன் என்று இருந்தவன் அவன் ஒருவன்தான். ஆனாலும் அவன் சொன்ன மாதிரி ஆவணியில் வைத்திருக்கலாம். வானம் இடிந்து விழுந்திருக்காது. கார்டை மறுபடி அடித்திருக்கலாம். நான் அதைச் செய்யவில்லை, ஏனென்றால் எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

தோட்டத்தில் யாருக்குச் சிங்களத்தில் கடிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பொலிசுக்கு, கிராம சேவகருக்கு, பென்ஷன் காரியாலயத்துக்கு எல்லாம் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம். அந்த அழகான கையெழுத்தில் ஆஸ்பத்திரிக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். நோயாளிக்குக் கடும் காய்ச்சல், குறித்த தினத்தில் வர இயலாது, தயவுசெய்து வேறு தினம் தரவும். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துவிட்டுத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"டீச்சரம்மா எழுதுனா காய்ச்சல் வந்துதானே ஆகணும்" என்றான்.

இருவரும் சிரித்தோம்.

சடங்கன்று அவன் சீர்த் தட்டுகளோடு வந்தான். மாம்பழ நிறத்தில் சேலை, நல்ல தெரிவு. மகளுக்கு மாலை போட்டபோது அவள் கண் கலங்க, "அழுதா மூஞ்சிப் பவுடர் போயிரும்" என்று அவள் காதில் சொல்லிச் சிரிக்க வைத்தான். அந்தப் படம் என் வீட்டில் இருக்கிறது. அதில் அவனுடைய சேர்ட் தோளிலிருந்து தொங்குகிறது. அன்றைக்கு எனக்கு அது கண்ணில் படவில்லை, சேலைதான் பட்டது.

பந்தியில் அவன் இலையில் சோற்றை அளைந்துகொண்டிருந்தான். தாய்மாமன் சாப்பிடாமல் எழும்பக் கூடாது என்று பக்கத்தில் நின்று நான்தான் போடப் போடச் சாப்பிட வைத்தேன். கொஞ்ச நேரத்தில் குவாட்டர்ஸுக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானோரம் அவன் வாந்தி எடுத்தான். பார்த்த பெண்கள், "மாமன் ஊத்திக்கிட்டாரு போல" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் ஒரு சொட்டுக் குடிக்காதவன். எனக்கு மானம் போனது. அவனிடம் போய், "இன்னைக்காவது ஒழுங்கா இருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவன் பைப்பில் வாயைக் கொப்பளித்துவிட்டு, "இப்ப சரி அக்கா, நீ போய் ஆக்கள கவனி" என்றான்.

புதிய தேதி ஒக்டோபரில் கிடைத்தது. அதற்குள் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது முடிந்து, ரோட்டில் மறுபடி செக்பொயின்ட் முளைத்துவிட்டது. எங்கோ ஒரு குண்டு வெடித்ததற்கு அடுத்த நாள் அவன் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். முதலாளியின் வேன் அன்று சாமான் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்ததால் பஸ்ஸில் போனான். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம், இருப்பது யட்டவத்தையில், பொலிஸ் பதிவுத் துண்டு கையில் இல்லை. செக்பொயின்டில் பின்னேரம் வரை உட்கார வைத்துவிட்டு அனுப்பினார்கள். மூன்றாவது தேதி நவம்பர் கடைசியில். அந்த ஒக்டோபர் நாள் என் குற்றம் இல்லை. ஆனால் ஆனி மாதம் போயிருந்தால் அந்த நாளே அவனுக்கு வந்திருக்காது.

நவம்பரில் நானே கூடப் போனேன். குழாய் விட்டார்கள், ஒரு துண்டு சதை எடுத்தார்கள், முடிவு வர இன்னும் சில கிழமைகள் ஆயின. எரிச்சல் இல்லை, புற்று. வயிற்றைத் தாண்டிப் பரவியிருந்தது.

எங்களுக்கு அதைச் சொன்னவர் ஒரு சிங்களப் பெண் டொக்டர். வயதில் என்னைவிடச் சின்னவர். அவசரப்படாமல் பேசினார். தமிழ் வராததற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டார், எங்கள் இருவருக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. கோப்பைப் புரட்டும்போது என் கடிதம் வந்தது. அந்தக் கையெழுத்தை நான் மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே தலைகீழாக வாசித்தேன்.

முதல் தேதிக்கு வரவில்லையே, காய்ச்சலா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் தம்பி, ஆமாம் மிஸ், கடும் காய்ச்சல் என்றான்.

பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். எடுத்த சதையை வேறொரு பரிசோதனைக்கும் அனுப்பியிருந்தார்களாம். சில பேருடைய வயிற்றுப் புற்றுக்குள் ஒரு வைரஸ் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள், இவருடையதிலும் அது இருக்கிறது என்றார். அது ஏதோ புதிதாக வந்த கிருமி இல்லை, ஏறக்குறைய எல்லா மனிதர் உடம்பிலும் இருப்பதுதான். சின்ன வயதிலேயே தொற்றி, ஒரு தொந்தரவும் செய்யாமல் கடைசிவரை படுத்துக் கிடக்கும். எங்கோ சிலருக்கு மட்டும் இப்படி ஆகிறது, ஏன் அவர்களுக்கு என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார்.

எப்படித் தொற்றும் என்று கேட்டேன். பெரும்பாலும் எச்சிலால் என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே வாயில் ரொட்டி ருசித்தது. மரவள்ளிக் கிழங்கின் புளிப்போடு. மென்று கொடுத்தால் தொற்றுமா என்று கேட்டேன். தொற்றலாம் என்றார். பத்து வயதுப் பிள்ளையின் எச்சிலில் இருக்குமா? இருக்கலாம். எத்தனை நாள் கொடுத்தால்? அப்படிக் கணக்கு இல்லை. நான் கேட்டுக்கொண்டே போனேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்களிடமிருந்து வந்திராவிட்டால் அம்மா கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கோப்பையில் வந்திருக்கும், எப்படியும் வந்திருக்கும் என்றார். வைரஸ் இருக்கிற எல்லாருக்கும் புற்று வருவதில்லை, உப்பு, புகை, வேறு கிருமிகள் என்று எத்தனையோ சேரலாம் என்றார். அந்த ரொட்டியை நீங்கள் கொடுக்காமல் இருந்திருந்தால் இவர் பிழைத்தே இருக்க மாட்டாரே என்றும் சொன்னார். நல்ல மனுஷி.

நாற்பது கேள்வி கேட்டிருப்பேன். எல்லாம் முப்பது வருடத்துக்கு முந்திய ரொட்டியைப் பற்றி. ஐந்து மாதம் முந்தி வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்க முடியுமா என்ற ஒரு கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஒருவேளை ஆனியிலேயே பரவித்தான் இருந்திருக்கும். ஒருவேளை இல்லை. தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் கேட்காமல் எழுந்து வந்தேன்.

அவனை என் குவாட்டர்ஸுக்குக் கூட்டி வந்தேன். கடைசி ஏழு மாதம் என்னுடன் இருந்தான். சோறு இறங்கவில்லை, பிறகு கஞ்சியும் கஷ்டமானது. ஒரு நாள் பகலில், மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், ரஸ்க்கைப் பாலில் ஊறவைத்துப் பிசைந்து கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்த பார்வை அதே பார்வை. நான் உடைந்துவிட்டேன். மென்று கொடுத்ததைச் சொன்னேன். பாதியை நானே விழுங்கியதையும் சொன்னேன். அதை அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவன் சிரித்தான். சிரித்தால் வலிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அதான் நான் கட்டையா போயிட்டேனா? நீ வளந்ததெல்லாம் என் ரொட்டியில. கள்ளி."

"என் எச்சில்தான்டா ஒனக்கு..."

"பெத்த புள்ளையாட்டம் பாத்தவ நீ. எச்சிலும் சேந்துதான் வரும். அந்த டொக்டரம்மாதான் சொன்னாங்களே, எல்லாருகிட்டயும் இருக்குன்னு."

கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தான். தூங்கிவிட்டான் என்று கிண்ணத்தை எடுத்தேன்.

"அக்கா. அழணும்னா ரொட்டிக்கு அழு. மத்தது புள்ள காதுல விழுந்துறக் கூடாது. அவளோட சடங்கு அது. நல்லா நடந்துச்சு."

அந்த ஒரு தடவைதான் அவன் அதைப் பற்றிப் பேசினான். என் மகளைக் காப்பாற்றத்தான் அவன் அப்படிச் சொன்னான் என்பது எனக்கு விளங்கியது. அதில் நானும் தப்பித்துக்கொள்ளலாம் என்பதும் விளங்கியது. தலையாட்டினேன்.

அவன் ஆடி மாதத்தில் போனான். கல்யாணத்துக்கும் சடங்குக்கும்தான் ஆடி ஆகாது, சாவுக்கு எல்லா மாதமும் ஆகும்.

செத்த வீட்டுக்கு முதலாளி வந்தார். எட்ட நின்று பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வயதான மனிதர், தாடி நனைந்திருந்தது.

"எத்தின தரம் சொன்ன டீச்சர். வேன் தாரன், டிரைவரையும் தாரன், போங்க மகன் எண்டு சொன்ன. மொதத் தேதிக்கே போயிருந்தா ஏதும் செஞ்சிருக்கலாம். கேக்கல்ல. குழாய் விடுவாங்க, எனக்குப் பயம் மொதலாளி, நான் போகல்ல எண்டுட்டான். வில்கமுவைக்குத் தனியப் போனவன், ஒரு குழாய்க்குப் பயந்துட்டான் பாருங்க."

தம்பி அவரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். சடங்கு என்று சொல்லியிருந்தால் முதலாளி அன்றே வேனில் ஏறி என் வீட்டுக்கு வந்திருப்பார். என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பார். அது நடக்கக் கூடாதென்று தன்னையே பயந்தாங்கொள்ளி ஆக்கியிருக்கிறான்.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள். முதலாளி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா மொதலாளி" என்றேன். "சின்ன வயசுல இருந்தே அவன் பயந்தவன்."

அவனுடைய பெட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. மூடவில்லை.

அன்றிலிருந்து அது ஊர்க் கதையாகிவிட்டது. டீச்சரின் தம்பி குழாய்க்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் செத்தான். யாராவது வயிற்றுவலியை மறைத்தால், "அந்தப் பொடியனப் போல ஆகிறாத" என்று புத்தி சொல்ல அவனை இழுப்பார்கள். நான் கேட்டுக்கொண்டு இருப்பேன். பிறகு வீட்டுக்கு வருகிறவர்களிடம் ரொட்டிக் கதையைச் சொல்வேன். வைரஸைப் பற்றி அந்த டொக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பேன். அழுவேன். என் அழுகை உண்மை. ஆனால் யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒன்றுக்குப் பார்த்து அழுதேன். பசித்த பத்து வயதுப் பிள்ளையை யார் குற்றம் சொல்வார்கள்? கார்ட் கொடுத்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது.

யுத்தம் முடிந்துவிட்டது என்று டவுனில் எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்த அன்று, அவனை உட்கார வைத்த அதே செக்பொயின்டில் ஒரு பொடியன் என் கையிலும் ஒரு துண்டு வைத்தான். வேண்டாம் என்று சொல்லப் பயந்து வாங்கி வாயில் போட்டு மென்றேன். எங்கள் வீட்டில் பயந்தாங்கொள்ளி யார் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. யாரும் கேட்கவில்லை.

போன மாதம் பேத்திக்கு ஊசி போட மகளோடு கிளினிக்குக்குப் போனேன். பேத்திக்கு நாலு வயது. ஊசியைக் கண்டதும் நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கின் கீழே போய் ஒளிந்துகொண்டாள். மகள் குனிந்து அவளை இழுத்து மடியில் வைத்துக் கொஞ்சினாள்.

"பயப்படக் கூடாதுடா தங்கம். அம்மாவுக்கு ஒரு மாமா இருந்தாரு. ரொம்ப நல்ல மாமா. ஆனா டொக்டருன்னா பயம். பயந்து பயந்துதான் செத்துப் போனாரு. நீ மாமா மாதிரியா?"

பேத்தி இல்லை என்று தலையை ஆட்டினாள். கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மற்றது பிள்ளை காதில் விழக் கூடாது என்று அவன் சொன்னான். விழவிடாமல் இத்தனை வருடம் காத்துவிட்டேன், கூலியாக அவனுடைய பெயரைத் தின்றுவிட்டேன். ரொட்டியிலாவது பாதியை அவனுக்குக் கொடுத்தேன்.

மகளே, இதை நீ வாசிப்பாய். உன் மேல் இதில் ஒன்றும் இல்லை. உனக்குப் பன்னிரண்டு வயது, உன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கார்ட் அடித்தவள் நான், காய்ச்சல் என்று எழுதியவள் நான், உன் மாமாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவன் பயந்தவன் என்று சொன்னவளும் நான். உன் பிள்ளைக்கு அந்தக் கதையை மாற்றிச் சொல்.

நவம்பரில் குழாய் விட்ட அன்று அந்த அறைக் கதவுக்கு வெளியே நான்தான் நின்றேன். மயக்க மருந்து இல்லை, தொண்டைக்கு மட்டும் ஏதோ விசிறினார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அரை மணித்தியாலத்தில் அவன் வாயைத் துடைத்துக்கொண்டு தன் காலால் நடந்து வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து வாங்கில் உட்கார வைத்தான்.

"என்னா அக்கா இப்புடி வெளுத்துப் போயிட்ட?" என்றான். "குழாய் விட்டது எனக்குத்தானே."